சாம்பிள் இல்லாத சாமான்

திருச்செங்கோட்டைச் சுற்றியுள்ள எந்த லேத் பட்டறைக்குள் நுழைந்தாலும் முதலில் காதில் விழும் கேள்வி, "சாம்பிள் கொண்டாந்தீங்களா?" என்பதுதான். வரைபடம் கேட்பவர்கள் மிகக் குறைவு. தேய்ந்த புஷ், முறிந்த ஷாஃப்ட், பல் போன கியர் என எதுவாக இருந்தாலும், உடைந்த கோலத்திலாவது அது கைக்கு வந்தாக வேண்டும். பட்டறைக்காரர் அதை வாங்கி எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பார். வெர்னியரை வைத்து நான்கைந்து இடங்களில் அளப்பார். தேய்மானத்தில் போனது எவ்வளவு இருக்கும் என்று மனத்துக்குள் கூட்டிக்கொள்வார். பிறகு "நாளைக்குச் சாயங்காலம் வாங்க" என்பார். தேய்ந்ததைப் பார்த்துத் தேயாததை ஊகிப்பது சாதாரண வித்தை அல்ல. கல்வெட்டில் சிதைந்த எழுத்துகளை வாசிப்பவரின் வேலைக்கு நிகரானது அது. ஆனால் அந்த வித்தைக்கு ஓர் எல்லையும் உண்டு. உடைவதற்கு முன் அந்தப் பொருள் உலகில் எங்கோ முழுதாக இருந்திருக்க வேண்டும். இதுவரை கண்ணில் படாத ஒன்றுக்குச் சாம்பிளை எங்கே தேடுவது?

என் தாய்மாமா ஒரு கடைசல்காரர். வீட்டின் முன்புறம் தகரச் சாய்ப்பு. அதற்குள் ஓர் ஆறடி லேத், ஒரு தூண் டிரில்லிங் மெஷின், சாணைக்கல், வெல்டிங் செட். சமையலறைக்கும் லேத்துக்கும் இடையே பத்தடி இருந்தால் அதிகம். அத்தை தயிர் கடைவதும் மாமா இரும்பு கடைவதும் ஒரே கூரையின் கீழ் நடந்தவை. இரண்டு வேலைக்கும் தமிழில் ஒரே வினைச்சொல் இருப்பதைப் பின்னாளில்தான் கவனித்தேன். தயிரில் வேண்டியது திரண்டு மேலே வருகிறது. லேத்தில் வேண்டாதது சுருள்சுருளாகக் கழன்று விழ, வேண்டியது எஞ்சுகிறது.

திருச்செங்கோடு இலக்கிய வாசகர்களுக்கு அர்த்தநாரீஸ்வரர் மலையாகவோ, பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) நாவலின் ஊராகவோ, அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925-ல் தொடங்கிய காந்தி ஆசிரமத்தின் வழியாகவோ அறிமுகமாகியிருக்கும். வடமாநிலத்து விவசாயிகள் பலருக்கு இந்த ஊர்ப்பெயர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியின் நெற்றியில் எழுதியிருக்கும் ஒரு சொல். சேலம், நாமக்கல் சமவெளியின் செம்மண் தோல் மிக மெல்லியது. அதற்கடியில் முழுக்கக் கடும்பாறை. 1966-67 பீகார் வறட்சியை ஒட்டி, பாறையைக் காற்றழுத்தத்தால் குடையும் ரிக்குகளை யுனிசெஃப் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. துளையின் அடியாழத்திலேயே ஒரு சுத்தியல் உட்கார்ந்திருக்கும். மேலிருந்து குழாய் வழியே இறங்கும் காற்று அதை இடைவிடாமல் அடிக்க வைக்கும். அதே காற்று பொடித்த கல்லை மேலே ஊதித் தள்ளும். கடும்பாறை நாட்டுக்கென்றே பிறந்த உத்தி இது. அந்த வண்டிகளைப் பழுது பார்க்கவும், பிறகு லாரி சேஸிஸ் மீது முழு ரிக்கையே கட்டி எழுப்பவும் எங்கள் பக்கத்துக் கைகள் கற்றுக்கொண்டன. நாமக்கல் லாரி பாடி கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்றது, சங்ககிரி லாரிகளுக்கு, திருச்செங்கோடு ரிக்குகளுக்கு. மூன்றுக்கும் அடியில் ஆயிரக்கணக்கான சிறு லேத்துகள் சுழல்கின்றன.

மாமா ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இந்தச் சக்கரத்தின் ஒரு பல்லாக இருந்தவர். ராடு இணைப்பின் மரை, ரொட்டேஷன் தலையின் புஷ், கம்ப்ரஸரின் பேரிங் உட்காரும் இடம் எனப் பாறையோடு மல்லுக்கு நிற்கும் எல்லாம் அவரிடம் தேய்ந்து வரும், திருந்திப் போகும். அவர் காட்டில் இருந்த 70 அடிக் கிணறு வற்றிப்போய், ஆயிரம் அடியைத் தாண்டிப் போர் போட்டபோது வந்து நின்ற ரிக்கிலும் அவர் கடைந்த புஷ் இருந்தது. அந்தப் போரும் மூன்று கோடைதான் தாக்குப்பிடித்தது. "நாம கடையறது எல்லாம் பூமிய இன்னுங் கொஞ்சம் கீழ எறக்கறதுக்குத்தான்" என்று ஒருமுறை சொன்னார். அதில் புலம்பல் இல்லை. கணக்கை முடித்துப் பேரேட்டை மூடுபவரின் குரல் அது.

நான் பள்ளியில் கணக்கு ஆசிரியன். 2020 கோடையில் ஊரடங்கு வந்தபோது பள்ளியும் மூடியது, பட்டறையும் மூடியது. ரிக்குகள் போன இடங்களிலேயே நின்றுவிட்டன. மாமாவின் லேத் அத்தனை நாள் தொடர்ந்து சும்மா கிடந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அந்த நாட்களில்தான், பிஸ்டன் இல்லாத எஞ்சின் ஒன்றை வீட்டிலேயே செய்து பார்க்கலாமா என்று அவரிடம் கேட்டேன். எதிர்பார்த்த கேள்வியே பதிலாக வந்தது. சாம்பிள் இல்லை என்றேன். "அப்பறம் எதப் பாத்துக் கடையறது?" என்று கேட்டுவிட்டு எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்.

நான் சொன்னது வான்கெல் எஞ்சின். வழக்கமான எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. ஒவ்வொரு முனையிலும் ஒரு கணம் நின்று திரும்புகிறது. அந்தப் போக்குவரத்தைக் கிராங்க் ஷாஃப்ட் சுழற்சியாக மாற்றித் தருகிறது. வான்கெல் எஞ்சினில் நின்று திரும்புதல் என்பதே இல்லை. பக்கங்கள் சற்றுப் புடைத்த முக்கோணம் ஒன்று, இடுப்பு ஒடுங்கிய ஓர் அறைக்குள் தள்ளாடிச் சுழல்கிறது. அதன் மூன்று முனைகளும் எப்போதும் அறைச்சுவரைத் தொட்டபடி இருக்கும். முனைகளுக்கு இடையே உருவாகும் மூன்று அறைகள் மாறிமாறி விரிந்து சுருங்குகின்றன. இழுத்தல், அமுக்கல், எரிதல், வெளியேற்றல் ஆகிய நான்கும் ஒரே சுற்றில் வரிசையாக நடந்தேறுகின்றன. வால்வுகள் கிடையாது. முக்கோணம் ஒருமுறை சுற்றினால் நடுவிலுள்ள ஷாஃப்ட் மூன்று முறை சுற்றும்.

இதைக் கண்ட ஃபெலிக்ஸ் வான்கெலும் (1902-1988) ஒருவகையில் வீட்டுப் பட்டறைக்காரர்தான். ஜெர்மனியில் பிறந்த அவர் பல்கலைக்கழகம் சென்றவரல்ல. இளமையில் ஹைடல்பெர்க் நகரின் ஒரு பதிப்பகத்தில் வேலை பார்த்தார். 1924-ல் அங்கேயே நண்பர்களுடன் சிறு பட்டறை ஒன்றைத் தொடங்கினார். புத்தகக் கிடங்குக்கும் லேத்துக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த அந்த இளைஞரைக் கற்பனை செய்ய எனக்குப் பிடிக்கிறது. ஆனால் அந்தக் கற்பனையை வெகுதூரம் நீட்ட முடியாது. அவர் தொடக்க காலத்திலேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர், போர்க்காலத்தில் அந்த அரசின் விமானத்துறைக்காக ஆராய்ச்சி செய்தவர். திறமையை எந்தக் கை வாங்கிக்கொள்கிறது என்பது திறமையாளரின் கவலையே அல்ல என்று எண்ணுபவர்கள் அவர் வாழ்க்கையைப் படிக்கலாம். என்.எஸ்.யு. நிறுவனத்தில் அவருடைய எஞ்சின் முதன்முதலாக ஓடியது 1957 பிப்ரவரி 1-ஆம் தேதி. அதில் உள்முக்கோணமும் வெளிக்கூடும் இரண்டுமே சுழன்றன. கூட்டை அசையாமல் நிறுத்தி, இன்று நாம் அறியும் எளிய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் அதே நிறுவனத்தின் பொறியாளர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே. வான்கெலுக்கு அந்த மாற்றம் பிடிக்கவில்லை.

மறுநாள் மாமாவே பேச்சை எடுத்தார். "அந்த முக்கோணம் எப்படி அசையும்னு மட்டுஞ் சொல்லு." கவனிக்க, எப்படி இருக்கும் என்று அவர் கேட்கவில்லை. அன்று தொடங்கி ஏழு வாரம் வேலை நடந்தது.

அளவுகளை ஜப்பானின் மஸ்டா நிறுவனத்தின் 13-பி எஞ்சினிலிருந்து எடுத்தேன். அதில் முக்கோணத்தின் மையத்திலிருந்து முனைவரை 105 மி.மீ. ஷாஃப்டின் மையத்திலிருந்து முக்கோணத்தின் மையம் விலகியிருப்பது 15 மி.மீ. இரண்டையும் மூன்றால் வகுத்து 35, 5 என்று வைத்துக்கொண்டோம். அகலம் 10 மி.மீ. போதும் என்று மாமா சொல்லிவிட்டார். மூன்றின் வர்க்கமூலத்தை மூன்றால் பெருக்கி, அதோடு 35, 5, 10 மூன்றையும் பெருக்கினால் ஓர் அறையின் கொள்ளளவு கிடைக்கும். சுமார் 9 கன செ.மீ. ஒரு மேசைக்கரண்டிகூட வராது. கடைகள் அடைத்திருந்ததால் பொருளுக்குப் பட்டறை மூலையையே கிளறினோம். கூட்டுக்கும் பக்கத் தகடுகளுக்கும் பழைய லாரி ஃப்ளைவீலின் வார்ப்பிரும்பு. ஷாஃப்டுக்கு ஒரு துண்டு உருண்டைக் கம்பி. உடைந்தவற்றின் மிச்சத்திலிருந்து புதிதாக ஒன்று.

முதலில் ஷாஃப்ட். அதன் நடுப்பகுதி மட்டும் 5 மி.மீ. மையம் விலகி நிற்க வேண்டும். நாலு ஜா சக்கில் கம்பியைப் பூட்டி, டயல் கேஜின் முள்ளை அதன்மேல் வைத்து, சக்கைக் கையால் சுற்றியபடியே ஒரு ஜாவைத் தளர்த்தி எதிர் ஜாவை இறுக்கினார். விலகல் 5 என்றால் முள் ஒரு சுற்றில் 10 மி.மீ. ஓட வேண்டும். நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் அதைக் கொண்டுவர அவருக்குக் கால்மணி நேரம் ஆனது. முள்ளைவிட ஜாவின் சாவியைப் பிடித்த மணிக்கட்டைத்தான் அவர் அதிகம் நம்புகிறார் என்று தோன்றியது.

அடுத்து கியர்கள். முக்கோணத்துக்குள் பல் உள்நோக்கிய ஒரு கியர், கூட்டோடு அசையாமல் நிற்கும் சிறிய கியர் ஒன்று. இரண்டின் விகிதம் எப்போதும் மூன்றுக்கு இரண்டு. மஸ்டாவில் 51 பல்லும் 34 பல்லும். எங்களுடையதில் 30, 20. உள்பல் வெட்டத் தனி இயந்திரம் வேண்டும், அல்லது வயர் கட் வேண்டும். அன்று இரண்டுக்கும் வழியில்லை. மாமா லேத்தையே இழைப்புளியாக்கினார். பல்லிடைவெளியின் வடிவில் ஒரு டூலைச் சாணை பிடித்து டூல் போஸ்டில் படுக்க வைத்தார். லேத் ஓடாது. கேரேஜை மட்டும் கையால் முன்னும் பின்னும் தள்ளுவது. ஒவ்வொரு தள்ளலுக்கும் அரைக்கால் மயிரளவு இரும்பு சீவப்படும். ஸ்பிண்டிலின் பின்புறம் மாட்டிய 60 பல் சேஞ்ச் கியரில் இரண்டு பல் நகர்த்தினால் அடுத்த இடைவெளி. ஆழம் 2.25 மி.மீ. தள்ளலுக்கு 0.05 வீதம் ஓர் இடைவெளிக்கு 45 முறை. 30 இடைவெளிக்கு 1350 முறை. இந்தப் பெருக்கலை நான் சொன்னபோது அவர் சிரித்தார். "எண்ணாதே. எண்ணுனா கை வலிக்கும்."

கூடுதான் உண்மையான சிக்கல். அது வட்டமும் அல்ல, நீள்வட்டமும் அல்ல. கணிதத்தில் எபிட்ரோகாய்டு என்று பெயர். ஒரு வட்டத்தின்மேல் இன்னொரு வட்டம் உருளும்போது அதோடு பிணைந்த புள்ளி வரையும் தடம். அதன் சமன்பாட்டைப் பலமுறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். மாமாவிடம் அதை ஒரு பள்ளி நோட்டில் எழுதி, அரை டிகிரிக்கு ஒரு புள்ளி வீதம் அட்டவணை போட்டு நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். லேத் வட்டத்தை மட்டுமே அறியும் பிராணி. 720 புள்ளிகளை அதன் வாயில் ஊட்டுவதற்கு எண்களால் இயங்கும் சி.என்.சி. இயந்திரம் வேண்டும். நோட்டைத் திருப்பித் தந்துவிட்டு, ஷாஃப்டைச் சக்கில் மாட்டினார். சிறிய கியரை அசையாதபடி ஒரு தகட்டில் பூட்டினார். உள்பல் கியரில் ஒரு பிளைவுட் முக்கோணத்தைத் திருகி, அதன் ஒரு முனையில் பால்பாயிண்ட் ரீஃபிலைச் செருகினார். எதிரே ஓர் அட்டை. சக்கை மூன்று சுற்றுக் கையால் சுற்றினார். பேனா தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது.

அட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். "கடலக்காத் தோடாட்டம் இருக்குது." இரண்டு பருப்பு உள்ள நிலக்கடலைத் தோட்டின் வடிவமேதான், இடுப்பு அத்தனை ஒடுங்காதது. ஸ்கேல் வைத்து அளந்தேன். நீளம் 80, இடுப்பில் அகலம் 60. என் அட்டவணை சொன்னதும் அதுவே. "சாம்பிளு கெடச்சிருச்சு மாப்ள" என்றார்.

அந்த எஞ்சின் தன் கூட்டைத் தானே வரைந்துகொள்ளும் என்பதை நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். தொழிற்சாலைகளில் கூட்டைக் கடைசலும் சாணையும் பிடிக்கும் கருவிகள் சில இதே அசைவைக் கொண்டு செய்யப்பட்டவை. ஆனால் அறிந்ததற்கும் அந்த அட்டைக்கும் இடையே ஒரு தூரம் இருந்தது. அதை நடந்தவர் அவர். உருவம் கிடைக்காத இடத்தில் அசைவையே மாதிரியாகக் கொள்ளலாம் என்று அவர் கண்டுகொண்டதை, நாற்பது ஆண்டுகளில் அவருக்கு யாரும் கொடுக்காத வேலை என்று நினைக்கிறேன். உடைந்த பொருளோடு வருபவர்கள் அசைவை விவரிப்பதில்லை. அவர்களுக்குப் பொருள் போதும், அதுவும் நாளைக்கே.

பேனா இருந்த இடத்தில் 4 மி.மீ. எண்ட் மில் பூட்டிய சிறு கை கிரைண்டர் ஏறியது. ஃப்ளைவீல் துண்டை முதலில் நடுவில் வட்டமாகப் போரிங் செய்து, கேரேஜின் மேல் நிறுத்தினோம். அப்போது எனக்கு ஓர் ஐயம். பேனா முனை ஒரு புள்ளி. கட்டருக்கோ 2 மி.மீ. ஆரம் உண்டு. எனவே வெட்டும் கோடு எல்லா இடத்திலும் 2 மி.மீ. வெளியே தள்ளிப்போகும். மாமா யோசிக்கவே இல்லை. "சீலோட மூக்கையும் அதே வட்டத்துக்கு உருட்டிப்புட்டா?" சரிதான். கூட்டின் சுவர் 2 மி.மீ. வெளியே நகர்ந்திருந்தால், அதைத் தொடும் முனையும் 2 மி.மீ. ஆரமுள்ள வட்டமாக இருந்தால் போதும். எந்தக் கோணத்தில் சாய்ந்தாலும் தொடுதல் குலையாது. பெரிய எஞ்சின்களிலும் அப்படித்தான் செய்கிறார்கள். சுற்றுக்குச் சுற்று கேரேஜை இம்மியளவு முன்நகர்த்தி, வார்ப்பிரும்புக் கரும்பொடி முகமெல்லாம் அப்ப, நான்கு நாளில் கூடு வெட்டி முடிந்தது.

எஞ்சியது முனை சீல். வான்கெல் எஞ்சினின் வரலாறே இந்தச் சிறு துண்டின் வரலாறுதான். பிஸ்டன் ரிங் வட்டமானது, வட்டச் சுவரோடு பரப்பாகப் பொருந்தி எப்போதும் ஒரே கோணத்தில் உரசுவது. முனை சீலோ ஒரு கோடாக மட்டுமே சுவரைத் தொடுகிறது. அதன் சாய்வும் ஓயாமல் மாறுகிறது. எங்கள் அளவுகளில் இருபுறமும் சுமார் 25 டிகிரி. என்.எஸ்.யு. 1967-ல் வெளியிட்ட ரோ 80 காரின் தொடக்க வண்டிகளில் சீல்கள் சீக்கிரம் தேய்ந்தன. உத்தரவாதத்துக்குக் கட்டுப்பட்டு எஞ்சின் மாற்றித் தந்தே நிறுவனம் தளர்ந்தது. 1969-ல் அது ஃபோக்ஸ்வாகனின் ஆட்டோ யூனியனோடு இணைக்கப்பட்டது.

1961-ல் உரிமம் பெற்ற மஸ்டாவுக்கோ வேறொரு சோதனை. கூட்டின் உட்சுவரில் அலையலையாகக் கீறல்கள். அவர்கள் அதைப் 'பிசாசின் நகக்கீறல்' என்றார்கள். 1963-ல் கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பேர் அமர்ந்து அதை ஆராய்ந்தனர். உரிமம் பெற்ற வரைபடங்களில் இதற்கு விடை இல்லை. அவர்களுக்கும் சாம்பிள் இல்லை. சீல் தன் இயல்பான அதிர்வெண்ணில் துடிப்பதுதான் காரணம் என்று கண்டார்கள். அதன் உடம்பில் குறுக்கும் நெடுக்குமாகத் துளையிட்டு அந்த அதிர்வெண்ணை மாற்றியதும் கீறல் மறைந்தது. பிறகு அலுமினியம் ஊட்டிய கரியால் சீல் செய்து, 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். 1991-ல் லெ மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தை வென்ற 787-பி வண்டியிலும் இந்த வகை எஞ்சின்தான்.

நகக்கீறல் கதையைச் சொன்னபோது மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சாட்டர் அடிச்சிருக்குது!" லேத்தில் டூல் நீளமாக வெளியே நீண்டிருந்தால் அது துடித்து, கடையும் பொருளின்மேல் அலையலையாகத் தடம் பதிக்கும். எந்தக் கடைசல்காரரும் முதல் மாதத்திலேயே சந்திக்கும் தொல்லை. டூலைக் குட்டையாகப் பிடிப்பார், வேகத்தை மாற்றுவார், மூக்கை வேறுமாதிரி சாணை பிடிப்பார். அதிர்வெண் என்ற சொல்லை அவர் அறியமாட்டார். ஆனால் ஹிரோஷிமாவில் 47 பேர் துளையிட்டு மாற்றியதும், திருச்செங்கோட்டில் டூலை அரை அங்குலம் உள்ளே தள்ளி மாற்றுவதும் ஒன்றையேதான். இரண்டும் சமம் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் காரணத்தைக் கண்டு எழுதி வைத்தார்கள். அதனால் அடுத்து வந்தவர் அங்கிருந்து தொடங்க முடிந்தது. மாமாவின் அறிவு மணிக்கட்டில் இருக்கிறது. அது அவரோடு எழுந்து அவரோடு தூங்கப் போகிறது. எங்கள் சமவெளியின் பட்டறைகளில் இப்படி எழுதப்படாமல் தூங்கப்போன அறிவு எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கையில்தான் எனக்குக் கலக்கம் ஏற்படுகிறது.

இந்தியாவில் இந்த எஞ்சின் செய்யப்படாததல்ல. பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம், ராணுவ ஆராய்ச்சி நிறுவனங்களுடன் சேர்ந்து 55 குதிரைசக்தி வான்கெல் எஞ்சினை உருவாக்கியது. 2009 மார்ச் 29-ஆம் தேதி, கோலாரில் நிஷாந்த் என்ற ஆளில்லா விமானம் அந்த எஞ்சினோடு பறந்தது. கோலாருக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையே ஒருநாள் பயணம்கூட இல்லை. ஆனால் ஆய்வகத்துக்கும் தகரச் சாய்ப்புக்கும் இடையே உள்ள தூரம் வேறு. அங்கே வரைபடம் உண்டு, ரிக் வண்டிக்காரரின் அவசரம் இல்லை. இங்கே அவசரம் மட்டுமே உண்டு. இரு பக்கத்துக்கும் பொதுவான ஒரு மேசை இருந்திருந்தால் என்னென்ன நடந்திருக்கும் என்பதை யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

சீல்களைப் பழைய லாரிப் பிஸ்டன் ரிங்கின் வார்ப்பிரும்பிலிருந்து அராவி எடுத்தோம். அடியில் கடிகார ஸ்பிரிங் துண்டு. பூட்டி, ஷாஃப்டைக் கையால் சுற்றினேன். ஸ்பார்க் பிளக் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை அமுக்கம் விரலைத் தள்ள வேண்டும். ஏதோ மூச்சு விட்டதுபோல் இருந்தது, அவ்வளவே. மாமா எண்ணெய்க் குப்பியை எடுத்து உள்ளே நான்கு சொட்டு விட்டார். "ஸ்குரூ கம்ப்ரஸர்ல ரெண்டு ரோட்டரும் ஒண்ண ஒண்ணு தொடாது. நடுவுல காத்தைப் பிடிச்சு நிறுத்தறது எண்ணெய்தான்." ரிக்கின் கம்ப்ரஸரிலிருந்து அவர் கொண்டுவந்த பாடம் அது. மீண்டும் சுற்றினேன். விரல் தெளிவாகத் தூக்கி எறியப்பட்டது. சுற்றுக்கு ஒன்று. மாமாவும் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு அத்தையைக் கூப்பிட்டு அவர் விரலையும் வைக்கச் சொன்னார். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்த அத்தை, "கன்னுக்குட்டி நக்கற மாதிரி இருக்குது" என்றார்.

அந்த ஏழு வாரத்தில் மாமா செய்தவற்றில் யாருடைய அவசரமும் இல்லை. எதுவும் பூமியைக் கீழே இறக்குவதற்காக இல்லை. அதனால் அவருக்கு ஒரு காசும் வரவில்லை. ஊரடங்கு தளர்ந்து ரிக்குகள் ஓடத் தொடங்கியதும் பழைய வேலை பழையபடி வந்து குவிந்தது. இப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்குகிறது. கண்புரை அறுவை சிகிச்சை ஒரு கண்ணுக்கு முடிந்திருக்கிறது. அந்த நோட்டில் என் அட்டவணைக்குப் பின்னால், கியர் வெட்டிய டூலின் கோணம், கிரைண்டரைப் பூட்டிய தகட்டின் அளவு, எண்ணெய்ச் சொட்டின் கணக்கு என அவர் சொல்லச் சொல்ல எழுதி வருகிறேன். அதில் ரிக் வேலையும் சேர்ந்துவிட்டது. எந்த மரை ஏன் முதலில் தேய்கிறது, எந்தப் புஷ்ஷுக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்றெல்லாம் 60 பக்கம் தாண்டிவிட்டது. பாதி நேரம் அவருக்குச் சொல் கிடைப்பதில்லை. கையை அசைத்துக் காட்டுகிறார். நான் அதைப் படமாக வரைகிறேன்.

எஞ்சின் இன்னும் நெருப்பைப் பார்க்கவில்லை. கார்புரேட்டர் வேண்டும், பொறி வேண்டும். அவற்றைவிடப் பெரிய சிக்கல் ஒன்று காத்திருக்கிறது. இந்தக் கூட்டின் ஒரு பக்கத்தில் எப்போதும் எரிதல், மறுபக்கத்தில் எப்போதும் குளிர்ந்த காற்று. ஒரே இரும்பு ஒருபுறம் விரியும், மறுபுறம் விரியாது. நூறில் சில மில்லிமீட்டர் கோணினாலும் சீல் பிடி விட்டுவிடும். போன வாரம் இதைச் சொன்னபோது மாமா ஒன்றும் பேசவில்லை. நேற்று போனில் கேட்டார், "சூடு பண்ணி அளந்து பாத்துட்டு, அந்தப் பக்கத்த மட்டும் முன்னாடியே கொஞ்சம் கம்மியாக் கடைஞ்சு வெச்சா என்ன?" சரியா என்று எனக்குத் தெரியவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அடுப்பை மூட்டிப் பார்க்கப் போகிறோம்.